விரல் நீளம்

விதைப் பொட்டலத்தின் முதுகில் போட்டிருந்தது:
விரல் நீளம் வந்ததும் பறிக்கவும்.
யாருடைய விரல் என்று போடவில்லை.

பிராண்டனில் அது மே மாதக் கடைசி.
மண்ணுக்குள் கையை விட்டால்
குளிர்பெட்டியின் அடித்தட்டு.
வேலியோரம் நாலு குழி, குழிக்கு மூன்று விதை.
நான் வெள்ளரி என்றேன்.
குகதாசன் கெக்கரி என்றான்.
பன்னிரண்டு வருட வழக்கு இது.
தூத்துக்குடியும் பருத்தித்துறையும்
நடுவில் ஒரு கடலை வைத்துக்கொண்டு
ஒரு காய்க்குப் பெயர் வைக்க முடியவில்லை.
மகனுக்கோ அது
கொடியில் தொங்கும்போதே பிக்கிள்.

ஜூன் இரண்டாம் தேதி உறைபனி எச்சரிக்கை.
அவனுடைய டைனோசர் போர்வையை எடுத்து நாற்றை மூடினோம்.
அவன் எங்கள் நடுவில் படுத்து
விடியும்வரை உதைத்தான்.

ஜூலையில் வடக்கே காடு எரிந்தது.
உச்சிவேளையிலும் சூரியன்
துருப்பிடித்த ஆணித்தலை.
தேனீ ஒன்றுகூட வரவில்லை.
பெண்பூ
முதுகுக்குப் பின்னால் ஒரு குட்டிக் காயை
வைத்துக்கொண்டு காத்திருந்தது,
மூன்றாம் நாள் காயும் மஞ்சளாகி விழுந்தது.
ஆண்பூவைக் கிள்ளி, இதழ் உரித்து,
பெண்பூவில் தொட்டெடுக்கும் வேலையை
இரவு ஷிப்ட் முடிந்து வந்த குகதாசன் ஏற்றான்.
"கலியாணப் புரோக்கர் வேலை," என்றான்,
"கமிஷன் காய்ச்ச பிறகு."

காலையில் அவன் பறித்தால் எல்லாம் பிஞ்சு.
மாலையில் நான் பறித்தால் எல்லாம் காய்.
அந்தக் கோடையில் நாங்கள் சந்தித்துக்கொண்டது
பெரும்பாலும் கூடையில்தான்.
பொட்டலத்தைப் படித்தாயா என்று கேட்டேன்.
ஆள்காட்டி விரலைப் பிஞ்சுக்குப் பக்கத்தில் நீட்டிக் காட்டினான்.
சரியாகத்தான் இருந்தது.

பன்றி இறைச்சி ஆலையில், தோள் வெட்டும் வரிசையில்
அந்த விரலின் நுனிக் கணு போய் ஆறு வருடம்.
படிவத்தில் அதற்கு ஒரு கட்டம், கட்டத்தில் ஒரு தொகை.
வீட்டுக்குக் கட்டிய முன்பணத்தில் அதுவும் கலந்தது.
தோட்டத்தில் அது எந்தச் சதுர அடி என்று
நான் கேட்டதில்லை.

ஒன்று மட்டும்
இலைக்கடியில் இருவர் கண்ணுக்கும் தப்பி
முழங்கை நீளத்துக்கு மஞ்சளாய்ப் படுத்திருந்தது.
உள்ளே விதை முற்றிவிட்டால்
வந்த காரியம் ஆயிற்று என்று
கொடி காய்ப்பைக் குறைத்துவிடுமாம்.
விட்டது யார் என்று ஒரு மணி நேரம் சண்டை.
வெள்ளரியென்றால் நீர், கெக்கரியென்றால் நான்,
என்று தீர்ப்புச் சொன்னான்.

உப்பு, பூண்டு, டில் பூ.
எனக்கு வினிகர், அவனுக்கு விநாகிரி, ஒரே போத்தல்.
ஜாடிக்கு இரண்டு காய்ந்த மிளகாய்,
அது இல்லாமல் எங்களுக்கு ஊறுகாய் ஆகாது.
பூ இருந்த முனையைச் சீவிவிட வேண்டும்,
சீவாவிட்டால் ஜாடிக்குள் குழைந்துபோகும்.
சீவினேன். நூறுக்கு மேல்.
தட்டில் நுனிகள் குவிந்திருப்பதைப் பார்த்த பிறகுதான்
என் கத்தி நின்றது.
அவன் ஒன்றை எடுத்து வாயில் போட்டான்.
"கைக்குது," என்றான்.
பிறகு, "மிச்சத்தையும் வெட்டும்."

செப்டம்பர் பதினான்கு.
பூஜ்யத்துக்குக் கீழே மூன்று என்றது ரேடியோ.
அவன் லீவு போட்டான்.
நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு மூவரும் இறங்கினோம்.
வளைந்தது, குண்டானது, பூ உதிராதது,
மகனின் சுண்டுவிரலுக்கும் எட்டாதது,
எல்லாம் வாளிக்குள்.
பாதியில் என் விளக்கு அணைந்துவிட்டது.
தடவித் தடவிப் பறித்தோம்.
எந்தக் கை யாருடையது என்று
முள் பார்க்கவில்லை,
எல்லா விரலிலும் குத்தியது.